இரண்டாவது தட்டுப் பியரோகி

மகள், அன்றைக்கு ரோட்டில் வைத்து நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பஸ் வருகிறது, ஓடு என்று கத்தினேன். பஸ் வரவில்லை. உனக்கும் அது தெரியும். இதைத் தம்பிக்கும் வாசித்துக் காட்டு.

சனிக்கிழமை, அம்மாவுக்கு ஷிப்ட். மத்தியானம் நான் சமைக்க வேண்டும். பஞ்சியாக இருந்தது. உன் போலந்துச் சிநேகிதி வாய் ஓயாமல் சொல்லும் கடைக்கு உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். வெம்பிளியில் இத்தனை வருஷம் இருந்தும் அப்படி ஒரு கடைக்குள் நான் கால் வைத்ததில்லை.

பியரோகித் தட்டு வந்ததும் தம்பி சிரித்தான். "அப்பா, இது கொழுக்கட்டை!"

உண்மைதான். அரைச் சந்திரன் வடிவமும் ஓரத்தில் கிள்ளிய அடையாளமும் எங்கள் பல்லுக் கொழுக்கட்டை போலவே. உள்ளேதான் பயறும் சர்க்கரையும் இல்லை, மிளகு தூக்கலாக அரைத்த இறைச்சி. அவித்து, வெண்ணெயில் வாட்டி, மேலே பொரித்த வெங்காயம் போட்டிருந்தார்கள். "இந்தப் புளிச்ச கிரீமிலை தொட்டுச் சாப்பிடுங்கோ அப்பா. கறி தேடாதேங்கோ" என்று நீ பகிடி பண்ணினாய்.

மூன்றாவதைக் கடிக்கும்போது போன் அடித்தது. பாரிஸில் இருந்து உங்கள் பெரியப்பா.

அங்கே என் சித்தப்பா ஆஸ்பத்திரியில் கடுமையாகக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். நான் நாட்டைவிட்டு வந்து இறங்கியபோது, இருந்த ஒரு கட்டிலை எனக்குத் தந்துவிட்டு நிலத்தில் படுத்த மனுஷன். நான் லண்டனுக்கு மாறிய பிறகும் போன் எடுத்தால் அவருடைய முதல் கேள்வி, "சாப்பிட்டியோடா?"

பெரியப்பா என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். அப்பாவின் தம்பி செத்தால் எங்களுக்குத் துடக்கு. கேட்ட உடனே முழுக வேண்டும். முப்பத்தொரு நாள் மீன் இறைச்சி தொடக்கூடாது. ஆனால் செய்தி காதில் விழாதவரை துடக்கு இல்லை. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஆரப்பா?"

"ஒருத்தரும் இல்லை. நீ சாப்பிடு பிள்ளை."

பிள்ளைகளின் சாப்பாட்டைக் குழப்பக்கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முதல் தட்டு வரைக்கும் அது உண்மையாக இருக்கலாம். இரண்டாவது தட்டுக்குச் சொன்னவன் நான்தான். இனி ஒரு மாதம் கிடையாதே என்ற ஆசை. போன் மேசையில் திரும்பவும் திரும்பவும் அதிர்ந்தது. நான் வெங்காயத்தை வழித்துச் சாப்பிட்டேன். நல்ல ருசி. இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

வெளியில் வந்துதான் திருப்பி அடித்தேன்.

"எங்கையடா நிண்டனி?" பெரியப்பா கத்தினார். "சித்தப்பாவுக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. எல்லாரோடையும் கதைக்க வேணுமெண்டு கேட்டவர். கனடாக்காரர் கதைச்சிட்டினம். நீதான் மிச்சம். நீ எடுப்பாய் எண்டு போனைக் காதிலையே வைச்சுக்கொண்டு கிடந்தவர். இப்ப கண்ணை மூடிட்டார்."

"முடிஞ்சுதோ அண்ணை?"

"விசர்க் கதை கதையாதை! மூச்சு இருக்கு. கூப்பிட்டாத் திறக்கிறாரில்லை. காதிலை வைக்கிறன், கதை."

மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. எப்போதும் அவர்தான் தொடங்குவார். கடைசியில், அவர் கேட்காத அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேன்.

"இல்லைச் சித்தப்பா. இன்னும் சாப்பிடேல்லை."

தம்பி மிச்சம் விட்டதைக் கட்டித் தந்த பெட்டியோடு நீ பக்கத்தில் நின்றாய். "ஏனப்பா பொய் சொன்னீங்கள்?" என்று கேட்டாய்.

அவர் பிறகு கண் திறக்கவேயில்லை. துடக்குச் செய்தி அடுத்த நாள் காலையில்தான் வந்தது. அந்தப் போனை உடனே எடுத்தேன்.

சாப்பிட்டேன் என்று சொல்லியிருந்தால், அது அவர் காதில் விழுந்திருந்தால், அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும் மகள். அந்தச் சந்தோஷத்தை அவரிடம் வாங்க எனக்கு முகம் இருக்கவில்லை.