மே 18-க்கு ஒரு பாப்பரசர்

கலண்டர் அடிக்கிறவளுக்கு வருசத்தில் எல்லா நாளும் யாரோ ஒருவருக்கு ஆகாத நாள்தான். என்னைப்போல அச்சுத்தொழிலில் கிடந்து உழலும் உங்களுக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சியில் எனக்கு ஒரு சின்ன அச்சகம். வருசாவருசம் கிறிஸ்தவ நாட்கலண்டர் ஒன்று போடுகிறேன். ஒவ்வொரு தாளிலும், திருச்சபை வரலாற்றில் அதே தேதிக்கு உரியது ஒரு வரியில் இருக்கும்.

ஒக்டோபர் 31

அந்த வரிகளைப் பட்டியலாக எழுதித் தந்தவர் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் பாதர். இந்தத் தேதிக்கு அவர் ஒன்றுமே எழுதவில்லை. பிழை திருத்தும் தாளைப் பார்த்த பக்கத்துப் புரட்டஸ்தாந்து சபைப் போதகர், லூதர் சீர்திருத்தத்தைத் தொடங்கிய நாளை விட்டுவிட்டு இதென்ன வரலாறு என்று கேட்டார். நியாயம்தானே. சேர்த்துவிட்டு, பாதரிடமே கொண்டுபோய்க் காட்டி, இதை எடுக்கமாட்டேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டார்.

"போடுங்கோ பிள்ளை. எழுத்து மட்டும் கொஞ்சம் சின்னனா இருக்கட்டும்."

டிசம்பர் 26

கிறிஸ்துவுக்காக உயிர்விட்ட முதல் வேதசாட்சி முடியப்பரின் திருநாள். சுனாமி வந்ததும் அதே தேதியில்தான். முல்லைத்தீவில் இருந்து கலண்டர் கேட்டு வந்த ஒரு அம்மாவின் மனிசனையும் இரண்டு பிள்ளைகளையும் அன்றைக்குக் கடல் கொண்டுபோனது. அதையும் ஒரு வரி போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றா. இத்தனை வருசமாச்சு, இனி மறந்துவிடு என்று சொந்தக்காரர் சொல்கிறார்களாம். அவ அழவில்லை.

"முடியப்பருக்குக் கீழ இடம் விட்டு அடியுங்கோ. பேருகளை நான் என்ர கையால எழுதுவன்."

மே 18

போர் முடிந்த நாள். முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு நாங்கள் விளக்கேற்றும் நாள். பாதரின் பட்டியலில், 'சிறையில் உயிர்நீத்த பாப்பரசர் முதலாம் யோவான்' என்று இருந்தது. எங்கிருந்து வருகிறார் என்று சொல்லாத ஒருவர் ஒருநாள் காலையில் வந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அந்த வரியில் விரலை வைத்து, யார் இந்த யோவான், எந்தச் சிறை என்று விசாரித்தார். இத்தாலியில், ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்தி என்றேன். எடுத்துவிட்டால் உங்களுக்குத்தான் நல்லது என்றார்.

 ஆனாலும், எடுக்க ஏலாது, இந்தத் தேதியை வைத்தது நானில்லை, ரோமில் எழுதிக் கேளுங்கோ என்று சொன்னேன். அவர் தாளைப் படமெடுத்துக்கொண்டு போனார். மெசினில் நின்ற ரபீக் நானா, தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டு இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர், மை பூசிய கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மே மாசத்தை முதல்ல அடிப்பம் தங்கச்சி. அவர் திரும்பி வந்தா ஜனவரியில இருந்து கேக்கட்டும்."

இந்தத் தொழிலில் பயமில்லாமல் கிழிக்கக்கூடியது நேற்றைய தாள் ஒன்றுதான், அதையும் எங்கள் சனம் கிழிக்காமல் வைத்திருக்கிறது.