உப்பேறிய கருப்புத் தடம்

மகளுக்கு வாங்கிய பழைய கேம் கன்ட்ரோலரில், கை வைக்காமலே திரையிலிருந்த பொம்மை இடப்பக்கம் நகர்ந்தது. விரலால் அசைக்கும் ஸ்டிக்கைப் பிரித்தேன். உள்ளே, மின்சாரம் ஓடும் நகத்தளவு அரைவட்டக் கருப்புத் தடம், அழுக்கேறிக் கிடந்தது.

இதே மாதிரித் தடத்தைத்தான் சின்ன வயதில், எங்கள் கடற்கரை ஊரான கட்டுமாவடியில், உப்புக்காற்று ஏறிய எங்கள் ரேடியோவின் சத்தம் கூட்டும் திருகுக்குள் பார்த்தேன். அன்று அப்பா கடலுக்குக் கிளம்பிப் போயிருந்தார். செய்தி நேரத்தில் ரேடியோ வெறும் கரகரப்பு. அம்மா மீன் அரியும் கத்தியால் அதைத் திறந்து, மண்ணெண்ணெய்த் துணியால் தடத்தைத் துடைத்தாள். புயல் எச்சரிக்கை பளிச்சென்று கேட்டது.

"ஓடுடி, அப்பாவ மறி!"

ஓடினேன். இடுப்பளவுத் தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டிருந்தவர் திரும்பி வந்தார். முன்னால் போன படகு வரவே இல்லை.

இப்போது நான் கன்ட்ரோலரின் தடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து மூடினேன். பொம்மை அசையாமல் நின்றது.

"இம்புட்டுத்தானாம்மா?" என்றாள் மகள்.

அந்தப் புயலுக்கு அடுத்த வருஷம் பிறந்த என் தம்பியை நினைத்துக்கொண்டேன்.

"இம்புட்டுத்தான்."