வாசலில் ஏறிய வருகை

பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே வாய் வராது. அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பு இதற்கு மட்டும்தான். செய்ததற்கு இல்லை.

மலையாள நாட்டில், பழவங்காடியில் ஒரு கம்பெனி ஆபீசில் பெருக்கித் துடைத்து டீ போடுவது என் வேலை. போன வருடம் எங்கள் வருகை, விடுப்பு எல்லாம் ஃபோனுக்குள் போய்விட்டன. ஆபீஸ் பக்கத்தில் நின்று அழுத்தினால் வருகை ஏறும், தள்ளி நின்றால் ஏறாது. விடுமுறை நாட்களை வேறு ஊரிலுள்ள தலைமை ஆபீஸ் அதில் ஏற்றியிருந்தது. பொங்காலை அதில் இல்லை.

பெண்களெல்லாம் தெருவில் செங்கல் வைத்து அம்மனுக்குப் பானை ஏற்றும் நாள் அது. வருடம் முழுக்க அடுத்தவர்களுக்கு டீ போடுகிற நான், என் அடுப்பு, என் தீ என்று உட்காருவது அன்று மட்டும்தான்.

லீவு கேட்டேன். எச்.ஆர். பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"சிஸ்டம் எடுக்கல சேச்சி. ஞான் எந்து செய்யான்? எனிக்கும் லீவு இல்லல்லோ."

மேலாளர் தலையைத் தூக்கவில்லை. "ஏற்கெனவே ஒரு வார்னிங் உண்டு. இன்னொண்ணு விழுந்தா வேலை போகும், கேட்டோ."

பொங்காலையன்று விடியும்முன் வந்தேன். ஆபீசைப் பெருக்கி முடித்து, வாசலுக்கு நேர் எதிரே தெருவில் மூன்று செங்கல் வைத்தேன். ஃபோனை அழுத்தினேன். பச்சை வந்தது.

வண்டிகளை நிறுத்திவிட்டதால் மேலாளர் நடந்து வந்தார். புகையில் கண் சிவந்திருந்தது.

"இது எந்தா? ஆபீஸ் உள்ளயல்லே இருக்கணும்?"

நான் எழுந்திருக்கவில்லை.

"நான் வந்துருக்கேன்னு ஃபோனே சொல்லுதுல்லா சார்."

"அப்போ டீ யாரு போடும்?"

"இந்த அடுப்புல அம்மனுக்கு மட்டுந்தான் சார்."

பக்கத்து அடுப்புச் சேச்சி சிரித்தாள். "சாரே, அவிடே நில்க்காதே. முண்டுல தீ பிடிக்கும்!"

அந்த வரிசை முழுவதும் சிரித்தது. அவர் வேட்டியை மடக்கிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் எச்.ஆர். பெண் வெளியே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, என் பானையில் ஒரு கை அரிசி போட்டாள்.

மறுநாள் வாசலில் நின்று அழுத்தினேன், ஏறவில்லை. தூரத்தைக் குறைத்துவிட்டார்களாம். உள்ளே போய் அழுத்தினேன், ஏறியது. முந்தின நாள் வருகை அப்படியே இருந்தது. டீக்குத் தண்ணீர் வைத்தேன்.