அசையாதிருந்தவர்

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் முருகனுக்கும் மாதாவுக்கும் இடையே ஒரு சிறிய அட்டை இருக்கிறது. ஈரத்தலையை வழித்துச் சீவிய ஒரு மனிதரின் முகம். கீழே ஐந்து இலக்க எண்.

பிரெஞ்சு பேசும் இந்தப் பனி நகரத்தின் வில்லரேப் பகுதியில், எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு, மகளுடன் வாழ வந்த பிரேசில்காரர் அவர். தன் மாநிலச் சட்டமன்றத்தில் இரண்டு தவணை உறுப்பினராக இருந்தவர். முதல் சந்திப்பில், தன் படமும் வேட்பாளர் எண்ணும் அச்சிட்ட அந்தப் பழைய தேர்தல் அட்டையைத்தான் நீட்டினார். “ஆரோ வேதக்காரற்றை சாமி” என்று மனைவி அதை மாதாவுக்குப் பக்கத்தில் தட்டில் வைத்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும், “அரசியல்வாதிக்கோ நான் இவ்வளவு நாளும் விளக்குக் கொளுத்தினனான்?” என்று எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டாள்.

பனி விழும் மாலைகளில் எங்கள் இருவரின் அரைகுறைப் பிரெஞ்சில் அவர் சொல்லும் சட்டமன்றம், தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருக்கும். அங்கே சில மசோதாக்களுக்குக் கை தூக்குவதில்லை. “ஆதரிப்பவர்கள் இருந்தபடியே இருங்கள்” என்பாராம் அவைத்தலைவர்; எதிர்ப்பவர்கள்தான் எழவேண்டும். ஓர் அணைக்கான மசோதா அப்படி வந்தது. கட்சி ஆதரித்தது, இவர் அசையவில்லை. ஒரு மூச்சு நேரத்தில் மசோதா நிறைவேறிவிட்டது. இவரைத் தேர்ந்தெடுத்த ஆற்றங்கரை ஊர் நீருக்குள் போனது. அடுத்த தேர்தலில் பதவியும் போனது. “அன்றைக்கு என் முழங்கால்கள் நன்றாகத்தான் இருந்தன” என்பார்.

நான் யாழ்ப்பாணத்தில் பத்திரிகைக்கு மாநகர சபைக் கூட்டச் செய்திகள் எழுதியவன். ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். யார் யார் சும்மா இருந்தார்கள் என்று பார்த்ததில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு ஹெயிட்டிப் பெண் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். அதுதான் அவள் பிழைப்பு. சத்தம் தாங்கவில்லை, மூடச் சொல்லிக் கட்டட உரிமையாளருக்குக் கடிதம் எழுதலாம் என்று குடியிருப்பாளர் கூட்டத்தில் தலைவர் சொன்னார். “மறுப்பவர் உண்டா?” ஒருவரும் அசையவில்லை. கூட்டக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்த நான் ‘ஏகமனதாக’ என்று எழுதியும்விட்டேன்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. முழங்கால்களை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டு மூன்றாம் மாடிக்காரர் எழுந்துகொண்டிருந்தார். வெகுநேரம் எடுத்தது. மனைவி என் விலாவில் இடித்தாள்.

“எழுதினது காணும், பேனையை வைச்சிட்டு எழும்புங்கோ.”

எழுந்தேன். பிறகு இன்னும் நாலைந்து பேர். கடிதம் போகவில்லை.

சென்ற மாரியில் அவர் காலமானார். கீழே பிள்ளைகள் இப்போதும் பிரெஞ்சில் கத்துகிறார்கள்.

கூட்டத்துக்கு மறுநாள் காலையே அட்டை லாச்சியிலிருந்து தட்டுக்குத் திரும்பியிருந்தது.

“இது அரசியல்வாதியல்லோ?” என்று கேட்டேன்.

“ஓம், தெரியும்” என்று சொல்லித் திரியைத் தூண்டிவிட்டாள்.