கச்சான் காற்றும் இரண்டு ஸ்டாப்பர்களும்

உப்பள ஓடைக்குள் நான் விழுந்தது ஆனி மாதத்தில். அன்றைக்கு யாரும் என்னை இடிக்கவில்லை, சாலையில் பள்ளமும் இல்லை. கியர் மாற்றக் கையைக் கீழே இறக்கினேன், விழுந்தேன். அவ்வளவுதான்.

என் சைக்கிள் பழைய இரும்புச் சைக்கிள். மில்லர்புரத்தில் எங்கள் தெருவில் சில வருடம் குடியிருந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியர், ஊரைக் காலி செய்தபோது என்னிடம் விட்டுப் போனது. கருநீல நிறம், மெல்லிய குழாய்கள், ஒரு கையால் தூக்கிவிடலாம். அதன் கியர் லீவர்கள் ஹேண்டில்பாரில் இல்லை. ஹேண்டிலிலிருந்து பெடலை நோக்கிச் சாய்ந்து இறங்கும் குழாயின் இரு பக்கமும், முழங்கால் உயரத்தில் இருந்தன. அந்தக் காலத்து வழக்கம் அது. கியர் மாற்ற வேண்டுமானால் ஒரு கையை எடுத்துக் கீழே குனிய வேண்டும்.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்கூட்டியில் விழுந்து வலது காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, தோள் மட்டும் பழையபடி நீளவில்லை. குழாய் வரைக்கும் கை எட்ட வேண்டுமென்றால் உடம்பையே சாய்க்க வேண்டும்.

"இந்த ஊர்ல மேடு எங்க இருக்கு, கியர் வச்சு ஓட்டுததுக்கு?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் சரக்கு ஆவணங்கள் தயாரிக்கிற வேலை எனக்கு. உண்மைதான், எங்கள் ஊரில் மேடு இல்லை. காற்று இருக்கிறது. வைகாசி பிறந்தால் மேற்கிலிருந்து கச்சான் அடிக்க ஆரம்பிக்கும். திறந்த உப்பளத்துக்கு நடுவே அதை எதிர்த்து மிதித்தவர்களுக்குத் தெரியும், எந்த மலையும் அப்படிப் பிடித்துத் தள்ளாது. அன்று வலப்பக்கமிருந்து அது தள்ளியது. நான் வலது கையை எடுத்துக் குனிந்திருந்தேன். ஒற்றைக் கையால் பிடித்த ஹேண்டில் திரும்பிக்கொள்ள, இடப்பக்க ஓடையில் இடுப்பளவு உப்புநீரில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உடை காய்ந்து உப்புப் பூத்துவிட்டது. வாசலில் நின்ற என் கணவர் முதலில் சிரித்தார். முழங்கையில் ரத்தத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஏளா, போதும். இதைக் கொண்டு போய்க் கொடுத்துரு. உனக்கு என்ன பந்தயமா?"

அவர் தோணியில் இன்ஜின் டிரைவர். இங்கிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போகிற தோணி. கச்சான் காலத்தில் தோணிகள் கடலுக்குப் போகாது. அந்த மூன்று மாதமும் அவர் வீட்டில்தான் இருப்பார். ஓட்ட இன்ஜின் கிடைக்காத மனிதர், வீட்டில் எதற்கெல்லாம் கருத்துச் சொல்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"கொடுக்க மாட்டேன். லீவரை மேல கொண்டாரப் போறேன்" என்றேன்.

பிரேக்கும் கியரும் ஒரே பிடியில் இருக்கிற லீவர்கள் இப்போது வருகின்றன. கையை ஹேண்டிலை விட்டு எடுக்காமலே விரலால் தட்டினால் கியர் மாறும். இணையத்தில் தேடி ஒரு ஜோடி வரவழைத்தேன். பின்சக்கரத்தை அதற்குப் பொருந்துகிற எட்டுப் பல்சக்கரத்தோடு ஏற்கெனவே மாற்றியிருந்தேன். லீவரை மாட்டினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சிக்கல் கேபிளில் இருந்தது. கியர் கம்பி ஓர் உறைக்குள் ஓடுகிறது. கடைக்காரர்கள் அந்த உறையை அவுட்டர் என்பார்கள். லீவர் கம்பியை இழுக்கும்போது, அவுட்டரின் முனை அசையாத ஏதோ ஒன்றில் முட்டி நிற்க வேண்டும். முட்டாவிட்டால் கம்பியோடு உறையும் சேர்ந்து நகரும், கியர் மாறாது. அப்படி முட்டி நிற்பதற்கான சின்னத் துண்டுதான் ஸ்டாப்பர். லீவர் குழாயிலேயே இருந்தவரை அங்கே ஸ்டாப்பருக்கு வேலை இல்லை. லீவர் மேலே போய்விட்டால் அது இல்லாமல் முடியாது.

லீவரோடு வந்த பொட்டலத்தில் இரண்டு ஸ்டாப்பர்கள் இருந்தன. கூடவந்த படத்தில், குழாயோடு சேர்த்துப் பற்றவைத்த இரண்டு குமிழ்களின் மேல் அவற்றை உட்காரவைத்திருந்தார்கள். என் சைக்கிளின் குழாயில் அப்படிக் குமிழ் எதுவும் இல்லை. பழைய லீவர்கள் ஓர் இரும்பு வளையத்தில் இருந்தன. வளையம் குழாயைக் கவ்விக்கொண்டிருந்தது. இந்த ஸ்டாப்பர் நமக்கு ஆகாது என்று எடுத்து வைத்துவிட்டு, குழாயைச் சுற்றிக் கவ்வுகிற வேறு மாதிரி ஒன்றை வரவழைத்தேன். அது இக்காலத்துத் தடித்த அலுமினியக் குழாய்க்குச் செய்தது. என் குழாயில் வளையல் போலச் சுற்றியது. பழைய டியூபை வெட்டி இடையில் வைத்து இறுக்கினேன். தெருவில் ஓட்டிப் பார்த்தேன். முதல் தட்டில் கியர் மாறியது. இரண்டாவது தட்டிலும் மாறியது. மூன்றாவது தட்டில் ஸ்டாப்பர் குழாயோடு சறுக்கி இறங்க, கம்பி தொங்க, செயின் கழன்று விழுந்தது.

மார்க்கெட் பக்கத்துச் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் தள்ளிக்கொண்டு போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல வண்டி. ஆனா இதுக்குண்டான சாமான் நம்மகிட்ட வராதும்மா. அந்தத் துண்டை அங்கன வெல்டிங் வச்சிரச் சொல்லுங்க, சோலி முடிஞ்சிது."

இதைக் கேட்டதும் என் கணவருக்கு வந்த சந்தோஷம்! "நான் என்ன சொன்னேன்? வெல்டிங் போட்டா போச்சு." மறுநாளே மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த பட்டறைக்குக் கூட்டிப்போனார். படகுகளின் இரும்பு வேலையெல்லாம் செய்கிறவர் அந்த வெல்டர். கையில் ராடோடு தயாராக நின்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆவணத்தில் ஓர் எழுத்து பிசகினால் கன்டெய்னர் துறைமுகத்திலேயே கிடக்கும் என்று இருபது வருடமாகப் பார்க்கிற வேலை. ஒன்றைச் செய்வதற்கு முன் ஒரு தடவை சரிபார்க்காமல் கை போகாது.

"அண்ணே, இதே மாதிரி மெல்லிசான குழாய் ஒண்ணுல முதல்ல போட்டுக் காட்டுங்க" என்றேன்.

"ஏளா, அவரு கப்பலையே ஒட்டுதவரு" என்றார் என் கணவர், என்னைவிட வெல்டருக்காக வெட்கப்பட்டு.

"கப்பல் தகடு தடி. இது அப்படி இல்லை."

வெல்டர் கோபிக்கவில்லை. மூலையில் கிடந்த உடைந்த நாற்காலியின் காலை அறுத்து எடுத்தார். ஒரு தீப்பொறி, ஒரு நொடி. குழாயில் புளியங்கொட்டை அளவு ஓட்டை. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் ஓட்டை. முகமூடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "யக்கா, உங்க வண்டில நான் கை வைக்க மாட்டேன். பாவம்."

திரும்பி வரும்போது சைக்கிளை என் கணவர்தான் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கோ ஜெயித்த மாதிரியே இல்லை. வெல்டிங் ஆகாது என்று தெரிந்துவிட்டது, வேறு வழியும் தெரியவில்லை.

இரண்டு வாரம் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், பழைய லீவர்களையே மாட்டிவிடலாம், காற்றில்லாத மாதங்களில் மட்டும் ஓட்டிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்து, அவற்றை எடுத்து மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்க உட்கார்ந்தேன். துடைப்பதற்காக ஒரு லீவரை வளையத்திலிருந்து கழற்றினேன். லீவருக்கு அடியில் வளையத்தோடு சேர்ந்து ஒரு குமிழ் இருந்தது. அதன் அடிப்பகுதி வட்டம் இல்லை, சதுரம்.

அந்தச் சதுரத்தை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எழுந்துபோய், ஆகாது என்று எடுத்து வைத்த ஸ்டாப்பர்களைக் கொண்டுவந்து புரட்டினேன். அவற்றின் முதுகில் சதுரப் பள்ளம்.

ஒன்றை எடுத்து இடப்பக்கக் குமிழின் மேல் வைத்தேன். டப்பாவுக்கு மூடி போட்டது போல உட்கார்ந்தது. திருகிப் பார்த்தேன், அசையவில்லை. சதுரத்தில் உட்கார்ந்தது எப்படிச் சுழலும்?

எதைத் தேடி அலைந்தேனோ அது முதலிலிருந்தே என் சைக்கிளில் இருந்திருக்கிறது. நான்தான் லீவரையும் வளையத்தையும் ஒரே சாமான் என்று நினைத்து இரண்டையும் சேர்த்துக் கழற்றி வைத்திருக்கிறேன். அந்த வளையம் சறுக்கவும் சறுக்காது. அது கீழே இறங்காதபடி தடுக்க, குழாயின் அடியில் ஓர் அரிசி அளவு முளையை அந்தக் காலத்திலேயே வைத்திருந்தார்கள். இத்தனை வருடம் கம்பி இழுத்த இழுப்பை அந்த முளைதான் தாங்கியிருக்கிறது.

"ஏங்க! இங்க வாங்க! ஓடி வாங்க!" என்று கத்தினேன். பாம்பு என்று நினைத்துக் கம்போடு வந்தார்.

வலப்பக்கக் குமிழில் ஸ்டாப்பர் கொஞ்சம் இறுக்கம். அவருடைய தோணிக் கருவிப் பெட்டியிலிருந்து மெல்லிய அரத்தை எடுத்துப் பள்ளத்தின் நாலு ஓரத்தையும் ராவினேன். ராவுவதும் வைத்துப் பார்ப்பதுமாக அரை மணி நேரம் போனது. உட்கார்ந்தது. அடுத்த சிக்கல் ஸ்குரூ. புது ஸ்குரூ பழைய மரையில் ஏறவில்லை. பழைய ஸ்குரூ ஏறியது, ஆனால் அது லீவரின் தடிமனுக்கு அளவெடுத்தது. ஸ்டாப்பரை அழுத்துவதற்கு முன்பே அடியில் முட்டி நின்றது. வெட்டிக் குட்டையாக்க வேண்டும். ஹாக்சாவை எடுத்தேன்.

"பொறு" என்றார் அவர். பட்டறைக்குப் போய்வந்த பிறகு சைக்கிள் விஷயத்தில் அவர் வாய் திறந்தது அப்போதுதான். பெட்டியைக் கிளறி ஒரு நட்டை எடுத்தார். "வெட்டுததுக்கு முன்னால இதை ஏத்திக்க. வெட்டின பெறவு கழட்டினேன்னா, வெட்டுன வாயில மரை நேராயிரும். இல்லன்னா உள்ள ஏறாது."

அவர் பிடித்துக்கொண்டார், நான் அறுத்தேன். நட்டைக் கழற்றினோம். ஸ்குரூ வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

போர்டிகோ கொக்கியில் தோணிக் கயிற்றால் சைக்கிளைக் கட்டித் தூக்கிவிட்டார். வளையத்தைக் குழாயில் பழையபடி இறுக்கினேன், கம்பியை விட்டேன், அவுட்டரை ஸ்டாப்பரில் முட்டவைத்தேன், பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே லீவரைத் தட்டினேன். டிக். செயின் ஒரு பல்சக்கரம் ஏறியது. அடுத்தது தயங்கியது. ஸ்டாப்பரிலேயே ஒரு சின்னத் திருகு இருந்தது. அரைச் சுற்று, மறுபடி கால் சுற்று. டிக். டிக். டிக். கடைசிப் பல்சக்கரம் வரைக்கும் போய் அப்படியே இறங்கியும் வந்தது. என் கணவர் லீவரை என் கையிலிருந்து வாங்கி, தானும் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, போதும் என்று நான் சொல்லும்வரை விளையாடினார்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் கிளம்பினேன். ஆத்தூர் ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவதாகப் பேச்சு. கச்சான் அன்று நல்ல வேகத்தில் இருந்தது. காற்று ஓங்கும்போது ஒரு தட்டு, கால் லேசாகும். அது ஓயும்போது ஒரு தட்டு, சைக்கிள் பாயும். இரண்டு கையும் ஹேண்டிலில். ஒரு லாரி கடந்துபோன அலையில்கூட அசையவில்லை. யாருமில்லாத இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்சம் பாடினேன் என்றும் சொல்ல வேண்டும்.

பாலத்தில் ஏறி நின்றேன். கீழே தாமிரபரணி, அக்கரையில் வெற்றிலைக் கொடிக்கால். திரும்ப வேண்டிய இடம். காலில் வலு மிச்சமிருந்தது. அங்கிருந்து ஆழ்வார்திருநகரி மேற்கே, காற்றுக்கு நேர் எதிரே. போனை எடுத்தேன்.

"நான் இப்ப திரும்பல. ஆழ்வார்திருநகரிக்குப் போறேன்."

"ஏளா, கச்சான் மூஞ்சில அடிக்குமே!"

"அடிக்கட்டும். எங்கிட்ட எட்டு கியர் இருக்கு."

"விளமீன் வாங்கி வச்சிருக்கேன். யாரு கொளம்பு வைக்க?"

"நீங்கதான். புளி கொஞ்சமா விடுங்க" என்றேன். போனைப் பைக்குள் போட்டேன், வலக்கை விரலால் இரண்டு தட்டு தட்டினேன், மேற்கே மிதித்தேன்.