நாலாம் இடத்துக்கு ஒரு மறுதிருத்தம்

தொலைக்காட்சியில் ஸ்கேற்றிங் போட்டி நடந்தால் அப்பாவுக்குக் களைப்பு மறந்துவிடும். ஐஸில் ஆடி முடித்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வாங்குப் பலகையில் போய் உட்காருவார்கள். நடுவர்களின் புள்ளிகள் திரையில் வருவதற்குள் அப்பா தன்னுடைய புள்ளியைச் சொல்லிவிட வேண்டும். அது எங்கள் வீட்டு விதி. ஆறுதான் முழுப்புள்ளி. ஏன் நூறு இல்லை, பத்துக்கூட இல்லை என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனாலும் அவர் ஐந்து தசம் ஏழு என்றால் பெரும்பாலும் ஐந்து தசம் ஏழுதான் வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரும் நடுவர்களும் ஒத்துப்போகவில்லை. ஆடுபவர் விழுந்தால் அப்பா சைபர் போடுவார். நடுவர்கள் ஐந்துக்குக் குறையாமல் போடுவார்கள்.

"விழுந்தவளுக்கு என்னத்துக்கு அஞ்சு? கணக்குப் பிழைச்சா சரி போடுவினமோ?" என்று அவர் ரிவியிடம் கேட்பார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில் வோபர்ன் என்ற இடத்தில், ஒரு படுக்கையறை அபார்ட்மென்டில் அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிமார் என்று ஐந்து பேர் இருந்தோம். அப்பா யாழ்ப்பாணத்தில் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே கிழமை நாட்களில் பிளாஸ்டிக் தொழிற்சாலை. சனியும் ஞாயிறும் கார் தரிப்பிடத்தில் காசு வாங்கும் கூண்டு. ஞாயிறு பின்னேரம் கூண்டிலிருந்து வந்து, குளிர்க்கோட்டைக் கழற்றாமலே ரிவியின் முன் உட்காருவார். ஐஸ் தளம் ஒன்றை அவர் நேரில் பார்த்ததில்லை.

நான் பார்த்திருந்தேன். ஸ்கேற்றிங் வகுப்புக்கென்று பள்ளிக்கூடத்தில் தந்த துண்டு ஒன்றில் அப்பா வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். பள்ளிக்கூடத்துத் துண்டு எதுவானாலும் அவர் கையெழுத்து வைப்பார். அப்படித்தான் சனிக்கிழமை காலைகளில் இரண்டு பஸ் பிடித்து அஜின்கோர்ட்டுப் பக்கம் இருந்த ஐஸ் தளத்துக்குப் போகத் தொடங்கினேன். ஸ்கேற்ஸ் ஒரு சேர்ச்சின் பழைய சாமான் விற்பனையில் வாங்கியவை. ஒரு அளவு பெரிது. இரண்டு சோடி கம்பளிக் காலுறை போட்டால் சரியாக இருக்கும். இரண்டு வருடத்தில், பின்னோக்கி ஓடி, ஒற்றைக் காலில் எழும்பி, காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அதே காலில் இறங்கும் துள்ளல்வரை வந்துவிட்டேன். பத்துத் தரம் துள்ளினால் ஒரு தரமோ இரண்டு தரமோ நின்றேன்.

எனக்குப் பதினொரு வயதானபோது பெரியம்மாவின் மகள் சனிக்கிழமைகளில் கணக்கு ரியூசனுக்குப் போகிறாள் என்ற செய்தி வந்தது. அடுத்த கிழமையே அப்பா எனக்கும் இடம் கேட்டுவிட்டார். ரியூசனும் ஸ்கேற்றிங்கும் ஒரே நேரம். நான் அழவில்லை. சாப்பாட்டை நிறுத்தினேன். மூன்றாம் நாள் அப்பா இறங்கி வந்தார். பங்குனியில் எங்கள் ஸ்கேற்றிங் கிளப்பின் போட்டி இருந்தது. என் பிரிவில் ஆறு பிள்ளைகள். முதல் மூன்றுக்குள் வந்தால் நான் ஸ்கேற்றிங்குக்கே போகலாம், வராவிட்டால் ரியூசன். சொன்னால் சொன்னதுதான் என்று எங்கள் சொந்தத்தில் பெயரெடுத்தவர் அவர். நானும் சம்மதித்தேன்.

போட்டி அன்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்கு அவர் ஒரு வழி செய்தார். எங்கள் கட்டிடத்திலேயே கலியாண வீடியோ எடுக்கும் ஒருவர் இருந்தார். அவருடைய குடிவரவுப் பத்திரங்களை நிரப்பிக் கொடுத்தவர் அப்பா. அந்த நன்றிக்கு அவர் தன் பெரிய கமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு அம்மாவோடும் என்னோடும் பஸ்ஸில் வந்தார். அப்பா பிறகு ரிவியில் போட்டுப் பார்த்துத் தானே புள்ளி போடுவார்.

ஐஸ் தளத்தின் நீளப் பக்கத்தில் மூன்று நடுவர்கள் கால்களுக்குமேல் போர்வை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தது. முதல் அரைவாசியும் நன்றாகப் போனது. அந்தத் துள்ளலுக்கு எழும்பினேன், சுற்றினேன், இறங்கும்போது ஸ்கேற்ஸின் கத்தி வழுக்கி இடுப்பு அடிபட விழுந்தேன். எழும்பி மிச்சத்தை ஆடி முடித்தேன். நான் எழும்பியபோது சனம் நன்றாகக் கை தட்டியது. கனடாவில் அது வழக்கம். விழுந்தவர் எழும்பினால் தட்டுவார்கள்.

இந்த வழக்கம் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் நான் ஐஸில் இறங்கியதிலிருந்து அவர் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கைதட்டல் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தார். திறந்தபோது நான் கைகளை விரித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன்.

நான் வெளியே வந்து ஸ்கேற்ஸ் கழற்றும்போது வீடியோக்காரர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "யோசியாதை தங்கச்சி. மாப்பிள்ளை தாலி கட்டேக்க கை நடுங்கினதெல்லாம் நான் மறைச்சு விட்டனான். உது எனக்கு ஒரு வேலையே?"

சுவரில் ஒட்டிய தாளில் என் பெயர் நாலாவதாக இருந்தது.

வீட்டில் அப்பா நாலு என்ற சொல்லைக் கேட்டதும் ரியூசன்காரரின் தொலைபேசி இலக்கத்தைத் தேடத் தொடங்கினார். அம்மாதான் விடவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு இவ்வளவு தட்டவில்லை, எங்கள் பிள்ளைக்குச் சனம் முழுக்கத் தட்டியது என்று முருகன்மேல் ஆணையாகச் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தம்பியின் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீடியோ வந்தது. முதலில் இரண்டு மயில்கள் வந்து என் பெயரை விரித்துக் காட்டின. பிறகு நான் ஒரு இதயத்துக்குள் சிரித்தேன். ஐஸ் தளத்துச் சத்தம் எதுவும் இல்லை. அதற்குமேல் ஒரு சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தார். கலியாணத்தில் பொம்பிளையின் முகம்தானே முக்கியம், அந்தப் பழக்கத்தில் கமரா என் முகத்தையே பிடித்துக்கொண்டு போனது. இடுப்புக்குக் கீழே நான் ஏழெட்டுத் தரம்தான் தெரிந்தேன். துள்ளலுக்கு எழும்பினேன். உடனே ஒரு சிவப்பு ரோஜா திரை முழுக்கச் சுற்றிக்கொண்டு வந்து என்னை மூடியது. ரோஜா விரிந்தபோது நான் கைகளை விரித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன்.

அப்பா மூன்று தரம் பார்த்தார். மூன்றாம் தரம் முடிய, ஐந்து தசம் ஐந்துக்குக் குறைய ஏலாது என்றார். பிறகு மேசையில் இருந்து வெள்ளைத் தாள் எடுத்தார். எங்கள் ஊரில் சோதனை முடிவு பிழை என்று பட்டால் மறுதிருத்தத்துக்கு விண்ணப்பிப்பார்கள். பேப்பரைத் திரும்ப எடுத்து, இன்னொருவர் பார்த்து, புள்ளியைக் கூட்டினாலும் கூட்டுவார். அப்படி அப்பாவின் தம்பி ஒருவர் பல்கலைக்கழகத்துக்கே போயிருக்கிறார். ஸ்கேற்றிங் கிளப்புக்கு அப்பா எழுதிய விண்ணப்பம் ஒன்றரைப் பக்கம். தங்களின் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன் என்று அழகான ஆங்கிலத்தில் தொடங்கியது. இணைப்பு: வீடியோ நாடா ஒன்று.

அந்த நேரம் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. விழுந்தால் சைபர் போடுகிற மனிதரிடம் விழுந்தேன் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. மறுதிருத்தம் நடந்து ஒரு இடம் கூடினால் போதும், மூன்று வந்துவிடும். அந்த ஒரு இடம் எனக்கு வேண்டும். அவ்வளவுதான் என் தலையில் இருந்தது.

கடிதத்தைத் தபாலில் போட அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. ஒரு சனிக்கிழமை கூண்டுக்குப் போகாமல் என்னோடு வந்தார். கறுத்த காற்சட்டை, வெள்ளைச் சேர்ட், கழுத்தில் ரை. பஸ்ஸில் நாடாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

தலைமை நடுவர் அறுபது வயது வெள்ளைக்காரப் பெண்மணி. அன்று பயிற்சியைப் பார்க்க வந்திருந்தார். விண்ணப்பத்தை நின்றபடியே முழுக்க வாசித்தார். சிரிக்கவில்லை. பக்கத்து அறையில் இருந்த ரிவியில் நாடாவைப் போடச் சொன்னார். மயில்கள் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ரோஜா வந்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா எழுத்து ஆங்கிலத்தில் கரை கண்டவர். ஆனால் இந்த நாட்டுக்காரர் வேகமாகப் பேசினால் அரைவாசிதான் பிடிபடும். அதனால் வைத்தியரிடம் போனாலும் வங்கிக்குப் போனாலும் நடுவில் நான்தான். நடுவர் சொன்னார், இந்த இடத்தில்தான் உங்கள் மகள் விழுந்து ஐஸில் இருந்துவிட்டாள், ரிவியில் தெரியவில்லை, நாங்கள் நேரில் பார்த்தோம் என்று. அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"ரிவியில பாக்கிறதும் இஞ்ச இருந்து பாக்கிறதும் வேறயாம்," என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் இருந்தது.

"அப்ப எங்க இருந்து பாக்க வேணுமெண்டு கேள்," என்றார் அப்பா.

கேட்டேன். நடுவர் தன் போர்வையை எடுத்துக்கொண்டு எழும்பினார். போட்டி அன்று தான் இருந்த அதே இடத்தில் அப்பாவை உட்காரவைத்து, போர்வையின் மற்றப் பாதியை அவருடைய காலில் போட்டார். என்னை ஐஸில் இறங்கி அந்தத் துள்ளலைச் செய்யச் சொன்னார்.

முதல் தரம் விழுந்தேன். அவர்களுக்கு நேரே, பத்தடி தள்ளி. ரிவியில் விழுகிறவர்கள் பஞ்சுபோல் விழுவார்கள். நேரில் அப்படி இல்லை. சத்தம் பலகைச் சுவரில் மோதித் திரும்பி வரும். அப்பா போர்வையோடு பாதி எழும்பினார். நடுவர் கை தட்டினார். அப்பா அவரை, இதென்ன மனுசி என்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்.

இரண்டாம் தரமும் விழுந்தேன். மூன்றாம் தரமும். தளத்தைச் சுற்றி ஓடி வரும்போது பார்த்தேன், நடுவர் தன் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். போட்டி அன்று அவர் எழுதிய புள்ளித்தாள். பென்சிலால் ஒரு வரியைச் சுட்டி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா கண்ணாடியை மூக்குக்குக் கீழே இறக்கி, அலுவலகப் பத்திரம் படிப்பதுபோல் அதைப் படித்தார். எழுத்தில் இருந்ததால் நடுவில் நான் தேவைப்படவில்லை. படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தார். நடுவர் அதில் பென்சிலால் ஏதோ எழுதிக் காட்டினார். அப்பா தலையாட்டினார்.

மறுதிருத்தம் நடக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. இனி ஒன்று நின்றால் போதும். விழுந்தேன். எழும்பினேன். இடுப்பில் பழைய அடியின் மேலேயே அடி விழுந்தது. கம்பளிக் கையுறை நனைந்து கனத்தது. கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். எட்டாம் தரமோ ஒன்பதாம் தரமோ விழுந்து எழும்பியபோது ஒருவர் இல்லை, இரண்டு பேர் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க நேரமில்லை. பதினோராம் தரமும் விழுந்தேன்.

பன்னிரண்டாம் தரம் நின்றேன். கத்தி ஐஸைக் கீறிக்கொண்டு போன சத்தம் தளம் முழுக்கக் கேட்டது. ஒருவரும் தட்டவில்லை. அப்பா எழும்பி நின்றுகொண்டிருந்தார், போர்வை நிலத்தில் கிடந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஒவ்வொரு சனியும் இப்பிடியோ?"

"ஓம் அப்பா. சில நாள் இருபது தரம்."

அதற்குப் பிறகு அவர் வோபர்ன் வரும்வரை யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார். நாடா கோட்டுப் பைக்குள் போயிருந்தது.

அம்மா கதவைத் திறந்தபடியே என்ன மாதிரி என்று கேட்டார். அப்பா ரையைத் தளர்த்திக்கொண்டு சொன்னார்:

"திரும்பப் பாத்தவை. மூண்டாமிடம்."

அம்மா முருகன் படத்துக்கு விளக்கேற்றப் போனார். அப்பா பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, மறுதிருத்தத்தில் ஒரு இடம் கூடியிருக்கிறது, ஆகவே ரியூசன் இல்லை என்றார். சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நான் என் கெட்டித்தனத்தை நினைத்து வியந்துகொண்டிருந்தேன். விழுந்ததையும் மறைத்தாயிற்று, மூன்றாம் இடத்தையும் வாங்கியாயிற்று. இவ்வளவு படித்த மனிதரை ஒரு ரோஜாப்பூவை வைத்து ஏமாற்றிவிட்டேன்.

இன்னும் இரண்டு குளிர்காலம் ஓடினேன். கால் வளர்ந்து ஸ்கேற்ஸ் இறுகியபோது அடுத்த சோடி கிடைக்கவில்லை, நின்றுவிட்டது. பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மேற்கே கல்கரியில் ஹோட்டல் சமையலறை, வன்கூவர் பக்கம் மீன் தொழிற்சாலை என்று பல இடம் பார்த்துவிட்டேன். விழுந்தால் எழும்புவதைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்தப் பங்குனியில் எனக்கு வேறு கவலை இருந்தது. மூன்றாம் இடத்துக்கு வெண்கலப் பதக்கம் உண்டு. முதலில் அதை வாங்கிப்போன பிள்ளை திருப்பிக் கொடுத்திருப்பாள், எனக்கு வர வேண்டும். தபாலில் வருமோ என்று அப்பாவைக் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, வரும், ஆனால் உவை மெதுவாகத்தான் அனுப்புவினம் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சில நாட்கள் அப்பாவும் வேலையால் வந்த களைப்போடு என்னுடன் நின்று, உள்ளே கைவிட்டுத் தடவி, இண்டைக்கும் இல்லை பிள்ளை என்பார். ஏன் அந்தப் பதக்கம் வரவில்லை என்பது ஒன்றுதான் அந்த விவகாரத்தில் எனக்கு விளங்காதது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.