தண்ணீருக்குள் முருகன் பாட்டு

தப்பு என்னுடையது என்பதால் இதை எழுத மூன்று வருஷம் தயங்கினேன்.

நான் நீந்தப் போகும் ஆவடி நீச்சல் குளத்துக்கு நரைத்த மீசை ஆட்டோக்காரர் ஒருவர் வருவார். தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நனைந்தாலும் பாடும் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் இறங்குவார். ஒருநாள் அதிலிருந்து முருகன் பாட்டு கசிந்து என் காதில் விழுந்தது.

“ஜட்டியோட சாமி பாட்டா? அடுக்குமாய்யா?” என்று கத்திவிட்டேன்.

“கோச்சுக்காத அண்ணாத்தே. வெள்ளத்துல எங்கம்மா என் கையிலேருந்து நழுவிப் போச்சு. தண்ணி சத்தம் கேட்டாலே ஒடம்பு நடுங்குது. பாட்டு ஓடினா அது கேக்காது.”

“அப்புறம் ஏன் இறங்குற?”

“ஊட்ல பொண்ணு கீதே. மறுபடி வெள்ளம் வந்தா நீந்தணுமே.”

கொஞ்சம் யோசித்தவர், “வெள்ளத்துல இது இருக்காதுல்ல?” என்று ஹெட்போனை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். என் கையில் பாட்டு ஓடியது. அவர் அக்கரை தொடும்வரை கும்பிட்டபடி நின்றேன்.

இதை யாருக்காவது சொன்னால், நான் கத்தியதையும் விடாமல் சொல்லுங்கள்.